லினக்ஸில் ஜப்பானிய மொழி தட்டச்சு: சுங்கை சிப்புட் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஜப்பானிய மொழி படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர் ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய் வகுப்பில் படிக்கிறார்கள், சிலர் கைப்பேசியிலேயே படிக்கிறார்கள், சிலருக்கு வேலை செய்யும் தொழிற்சாலையில் ஜப்பானிய மேலாளர். வீட்டில் இருப்பதோ பழைய லேப்டாப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனதால் அந்த லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். போட்டுக் கொடுத்த கையோடு வரும் கேள்வி, "அண்ணே, இதில் ஜப்பான் எழுத்து எப்படி அடிப்பது?" என்பதுதான். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உபுண்டு, லினக்ஸ் மிண்ட் என்ற லினக்ஸ் வகைகளையும் கேடிஇ என்ற திரைச் சூழலையும் மனத்தில் வைத்து எழுதியது.

கே: இதற்கென்று ஜப்பானிய விசைப்பலகை வாங்க வேண்டுமா?

வேண்டாம். எழுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டவும் வேண்டாம். ஜப்பானிலேயே பெரும்பாலானவர்கள் கணினியில் ஆங்கில எழுத்தால் ஒலியை அடித்துத்தான் எழுதுகிறார்கள். இதற்கு ரோமாஜி உள்ளீடு என்று பெயர். 'கே', 'ஏ' இரண்டையும் அடித்தால் 'க' என்ற ஹிராகானா (ஜப்பானிய ஒலியெழுத்து) வந்து உட்காரும். முரசு அஞ்சலில் 'அம்மா' என்று எழுத ஆங்கில விசையில் ஒலியை அடித்துப் பழகியவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர், 1980-களிலேயே தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்தவர். அதனால் இந்த முறை நம் வீட்டுக்குப் புதிதில்லை.

மீதிப் பாதிதான் புதிது. தமிழில் ஒலியை அடித்து முடித்தால் எழுத்தும் முடிந்தது. ஜப்பானியத்தில் ஒலியை அடித்த பிறகு அதற்கு எந்த கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜி இருக்கின்றன, அத்தனைக்கும் விசை வைக்க முடியுமா? அதனால்தான் ஒலியை வாங்கிக்கொண்டு எழுத்தைத் தேடித் தரும் ஒரு மென்பொருள் நடுவில் தேவைப்படுகிறது.

கே: செட்டிங்ஸில் 'ஜாப்பனீஸ்' சேர்த்துவிட்டேன். ஆனால் ஆங்கிலம்தான் வருகிறது, குறிகள் மட்டும் இடம் மாறிவிட்டன. என்ன கோளாறு?

கோளாறு இல்லை. நீங்கள் சேர்த்தது வேறு பொருள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் கவனமாகப் படிப்பதென்றால் இந்தப் பதிலைப் படியுங்கள், ஏனென்றால் வருகிற சிக்கல்களில் பெரும்பாலானவை இதைப் பிரித்துப் பார்க்காததால் வருகின்றன.

ஜப்பானியம் அடிக்க மூன்று தனித்தனிப் பொருள்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். முதலாவது விசை அமைப்பு, அதாவது எந்த விசையை அழுத்தினால் எந்தக் குறி என்ற கணக்கு. நம் நாட்டில் விற்கும் லேப்டாப்புகளில் இருப்பது அமெரிக்க ஆங்கில அமைப்பு. இரண்டாவது, நீங்கள் அடிப்பதை வாங்கி எந்த மென்பொருளுக்கு அனுப்புவது என்று பார்த்துக்கொள்ளும் உள்ளீட்டு மேடை. லினக்ஸில் இதற்கு ஐபஸ், எஃப்சிடிக்ஸ் என்று இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடும். மூன்றாவது மாற்றி, 'நிஹோங்கோ' என்ற ஒலியை வாங்கிக்கொண்டு அதற்குரிய மூன்று கான்ஜியைத் தருவது. மோஸ்க், ஆந்தி எல்லாம் இந்த மூன்றாவது வகை.

நீங்கள் பட்டியலில் வெறும் 'ஜாப்பனீஸ்' என்பதைச் சேர்த்தபோது முதலாவதை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். ஜப்பானில் விற்கும் விசைப்பலகையில் குறிகளின் இடம் வேறு. அங்கே ஷிப்டோடு 2-ஐ அழுத்தினால் இரட்டை மேற்கோள் குறி வரும், மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறி 'பி' விசைக்கு வலது பக்கம் இருக்கும். கையில் இருப்பது நம் ஊர் விசைப்பலகை, உள்ளே கணக்கு ஜப்பானுடையது, குறிகள் இடம் மாறாமல் என்ன செய்யும்? அதை நீக்கிவிட்டு, 'ஜாப்பனீஸ்' என்ற பெயருக்குப் பக்கத்தில் 'மோஸ்க்' என்றும் எழுதியிருப்பதைச் சேருங்கள். அது பட்டியலிலேயே இல்லையென்றால் மோஸ்க் இன்னும் கணினிக்குள் வரவில்லை என்று அர்த்தம். அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கே: சரி, உபுண்டுவில் மோஸ்க்கை எப்படிப் போடுவது?

கட்டளை எதுவும் அடிக்காமலேயே போடலாம். செட்டிங்ஸில் மொழி, வட்டாரம் என்ற பகுதிக்குப் போய், கணினியில் உள்ள மொழிகளை நிர்வகிக்கும் பொத்தானை அழுத்தினால் மொழி ஆதரவுப் பெட்டி திறக்கும். அங்கே மொழி சேர்க்கும் இடத்தில் ஜப்பானியத்துக்கு நேரே ஒரு டிக் போட்டு, கடவுச்சொல் கொடுத்து, இறங்கி முடியும்வரை காத்திருங்கள். மோஸ்க்கும் ஜப்பானிய எழுத்துருவும் சேர்ந்தே வந்துவிடும். திரையில் மெனு எல்லாம் ஜப்பானிய மொழிக்கு மாறிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தை இழுத்து முதலிடத்தில் வைத்தால்தான் அப்படி மாறும், சும்மா சேர்த்து வைப்பதால் மாறாது.

அப்புறம் கட்டாயம் ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல்தான் பாதிப் பேர் "போட்டும் வரவில்லை அண்ணே" என்று செய்தி அனுப்புகிறார்கள். உள்ளே வந்ததும் விசைப்பலகை அமைப்பில் உள்ளீட்டு மூலங்கள் என்ற இடத்தில் கூட்டல் குறியை அழுத்தி, ஜப்பானியத்தைத் திறந்து, மோஸ்க் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் மாற விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் போதும்.

கே: என்னிடம் இருப்பது லினக்ஸ் மிண்ட். அதே வழியா?

மேடையை மட்டும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றபடி ஒன்றுதான். மென்பொருள் நிர்வாகியில் எஃப்சிடிக்ஸ் 5-க்கான மோஸ்க்கைத் தேடுங்கள். தேடும்போது எழுத்துகள் இப்படி: எஃப்-சி-ஐ-டி-எக்ஸ் ('டி' என்றது T, D இல்லை), அதை ஒட்டி 5, ஒரு சிறு கோடு, பிறகு எம்-ஓ-இசட்-சி. அதைப் போட்டதும் மெனுவில் 'இன்புட் மெத்தட்' என்ற கருவியைத் திறந்து மேடையாக எஃப்சிடிக்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு லாக் அவுட் செய்யுங்கள். திரும்பி வந்தால் மூலையில் ஒரு விசைப்பலகைப் படம் நிற்கும். அதன் அமைப்புக்குள் போய் மோஸ்க்கைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் பெட்டியில் 'இப்போதைய மொழியை மட்டும் காட்டு' என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுக்காவிட்டால் மோஸ்க் கண்ணிலேயே படாது. மாறுவதற்கு கன்ட்ரோலோடு ஸ்பேஸ்.

கே: கேடிஇ பிளாஸ்மாவில்?

எஃப்சிடிக்ஸ் 5-தான் பொருத்தம். போட்ட பிறகு சிஸ்டம் செட்டிங்ஸில் 'விர்ச்சுவல் கீபோர்ட்' என்ற பக்கத்தில் எஃப்சிடிக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். பெயரைப் பார்த்தால் தொடுதிரைக்கானது என்று தோன்றும், ஆனால் வேலாண்ட் என்ற புதிய திரை அமைப்பில் உள்ளீட்டு மேடையைத் தொடங்கி வைக்கும் இடம் அதுதான். பழைய வழிகாட்டிகள் மூன்று சூழல் மாறிகளை (செயலிகள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு வரிகளை) ஒரு கோப்பில் எழுதச் சொல்லும். பிளாஸ்மா வேலாண்டில் ஜிடிகே, க்யூட்டி என்ற செயலி கட்டும் கருவித் தொகுப்புகள் இரண்டுக்குமான மாறிகள் வேண்டியதில்லை. எழுதி வைத்தால் எஃப்சிடிக்ஸே அவற்றை நீக்கச் சொல்லி அறிவிப்பு காட்டும், அந்த அறிவிப்பை நம்பி நீக்குங்கள்.

கே: மோஸ்க் வந்துவிட்டது, மாறவும் மாறுகிறது. அப்படியும் ஆங்கில எழுத்துதான் விழுகிறது.

ஐபஸ் வழியாகப் போட்டவர்களுக்கு வரும் சிக்கல் இது. மோஸ்க்குக்குள் இன்னொரு நிலைமாற்றம் இருக்கிறது. தொடங்கும்போது அது 'நேரடி உள்ளீடு' நிலையில் நிற்கும், அதாவது அடிப்பதை அப்படியே கடத்திவிடும். மேல் பட்டையில் மோஸ்க்கின் அடையாளம் ஆங்கில 'ஏ' எழுத்தாகத் தெரிந்தால் இந்த நிலையில்தான் இருக்கிறது. அதைச் சொடுக்கி, உள்ளீட்டு நிலையை ஹிராகானாவுக்கு மாற்றினால் அந்த 'ஏ' ஹிராகானாவின் 'அ' எழுத்தாக மாறும். இனி அடித்தால் வரும்.

ஜப்பானிய விசைப்பலகையில் இதற்கென்றே இடது மேல் மூலையில் ஒரு விசை இருக்கிறது, நம்முடையதில் இல்லை. ஒவ்வொரு முறையும் எலியைப் பிடித்து மெனுவைத் திறப்பது எரிச்சலான வேலை. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், உங்கள் வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள் (கன்ட்ரோலோடு 'எச்' அழுத்தினால் மறைந்தவை தெரியும்) மோஸ்க் என்ற கோப்புறை, அதற்குள் ஐபஸ் கான்ஃபிக் என்று தொடங்கும் ஓர் எழுத்துக் கோப்பு. அதைத் திறந்தால் 'ஆக்டிவ் ஆன் லாஞ்ச்' என்ற வரி இருக்கும். அதற்கு நேரே உள்ள 'ஃபால்ஸ்' என்பதை 'ட்ரூ' என்று மாற்றிச் சேமித்துவிட்டு, லாக் அவுட் செய்து வாருங்கள். கொஞ்சம் பழைய பதிப்புகளில் இந்த வரி இருக்காது. அப்போது மோஸ்க்கின் அமைப்புக் கருவியில் விசை ஒதுக்கீட்டைத் திறந்து, நேரடி உள்ளீட்டு நிலையிலிருந்து வெளியே வருவதற்கு உங்களுக்கு வசதியான ஒரு விசையைக் கொடுங்கள். அந்தக் கருவி திறக்கவில்லையென்றால் மோஸ்க்கின் வரைகலைக் கருவித் தொகுப்பையும் தனியாகப் போட வேண்டும்.

கே: அடிக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லுங்கள். டோக்கியோ என்று அடித்தால் ஏதேதோ வருகிறது.

காதில் விழுவதை அப்படியே அடிக்கக்கூடாது, ஹிராகானாவில் எப்படி எழுதுவார்களோ அப்படி அடிக்க வேண்டும். நாம் டோக்கியோ என்கிறோம், ஆங்கிலத்திலும் குறுக்கி எழுதுகிறார்கள். ஜப்பானிய எழுத்தில் அது 'டோஉக்யோஉ'. ஆகவே இரண்டு இடத்திலும் 'ஓ'வுக்குப் பின் 'யு' அடிக்க வேண்டும். ஒசாகாவுக்கு 'ஓ' இரண்டு முறை. சென்சேய்க்குக் கடைசியில் 'ஐ' உண்டு. குறில் நெடில் வேறுபாடு நமக்கு ரத்தத்தில் ஊறியது, அதனால் காதால் பிரித்தறிவதில் நமக்குச் சிரமம் இல்லை. எந்த நெடிலுக்கு எந்த எழுத்து என்பதை மட்டும் சொல்லோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒற்று மிகும் இடங்களும் அப்படித்தான். 'கிதே' என்றால் 'வந்து', 'கித்தே' என்றால் தபால் தலை. நடுவில் 'டி' (T) விசையை இரண்டு முறை அடித்தால் ஒற்றைக் காட்டும் சின்ன 'ட்சு' எழுத்து தானாக வரும். பள்ளிக்கூடத்துக்கு 'கக்கோஉ', அங்கே 'கே' இரண்டு.

'என்' விசைதான் அதிகம் ஏமாற்றும். பின்னால் மெய்யெழுத்து வந்தால் ஒரு முறை அடித்தால் போதும், மோஸ்க் புரிந்துகொள்ளும். பின்னால் உயிரோ 'ஒய்'யோ இன்னொரு 'என்'னோ வந்தால் புரியாது, அப்போது ஒற்றுக்காக 'என்' இரண்டு முறை அடிக்க வேண்டும். வணக்கம் சொல்ல 'கொன்னிச்சிவா' அடிக்கும்போது மொத்தம் மூன்று 'என்' வரும், ஒற்றுக்கு இரண்டு, 'நி'க்கு ஒன்று. அதோடு கடைசி 'வா'வை 'டபிள்யூ' போட்டு அடிக்கக்கூடாது, 'எச்', 'ஏ' அடிக்க வேண்டும், எழுத்தில் அது 'ஹ' என்பதால். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பி புகை பிடிக்கத் தடை என்று அறிவிப்பு தயாரிக்கும்போது 'கின்என்' என்பதற்கு நடுவில் ஒரே ஒரு 'என்' அடித்துவிட்டார். கணினிக்கு அது 'கினென்', அதாவது நினைவு நிகழ்ச்சி. அச்சடிப்பதற்கு முன் மேலாளர் பார்த்துவிட்டார். கணினி பிழை என்று காட்டாது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள்.

கான்ஜியாக மாற்றுவதற்கு ஸ்பேஸ். மறுபடி ஸ்பேஸ் அடித்தால் அடுத்த தேர்வு, என்டர் அடித்தால் முடிவு. 'ஹஷி' என்று அடித்தால் பாலம், சாப்பிடும் குச்சி, ஓரம் என்று பட்டியல் விரியும். அதனால் தனிச்சொல்லாக மாற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒரு முழுத் தொடரை அடித்துவிட்டு ஸ்பேஸ் அடியுங்கள், முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து மோஸ்க் பெரும்பாலும் சரியானதையே எடுக்கும். தொடரைத் தப்பான இடத்தில் வெட்டியிருந்தால் வலது அம்பு விசையால் அந்தத் துண்டுக்குப் போய், ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இடது வலது அம்புகளால் துண்டை நீட்டவோ குறைக்கவோ செய்யலாம். புதிதாகப் படிப்பவர்களில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்துகொண்டால் அழித்து அழித்து அடிக்கும் வேலை பாதியாகக் குறையும்.

இன்னொன்று, 'க்யோஉ' என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் இன்று என்ற சொல்லோடு இன்றைய தேதியும் பட்டியலில் வரும், ரேய்வா என்ற ஜப்பானியப் பேரரசர் ஆண்டுக் கணக்கிலும் வரும். ஜப்பானிய படிவம் நிரப்புகிறவர்களுக்கு இது நல்ல உதவி.

கே: என் பெயரைக் கட்டகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய ஒலியெழுத்தில்) எழுத வேண்டும். அடையாள அட்டையில் உள்ள எழுத்தை அப்படியே அடித்தால் சின்னச் சின்ன எழுத்தாக விழுகிறதே?

நம் பெயர்களுக்கு இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஜப்பானியத்தில் லகரம் இல்லை, 'எல்' விசையை மோஸ்க் சின்ன எழுத்து போடுவதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆகவே ல, ள வரும் இடத்திலெல்லாம் 'ஆர்' அடியுங்கள். அதேபோல் 'டி' (T), 'எச்' சேர்த்து அடித்தால் தகரம் வராது, 'டெ'யோடு ஒரு சின்ன 'ய' ஒட்டிக்கொண்டு வரும். தனபாலன் என்பவர் அட்டையில் இருக்கும் எழுத்துப்படி அடித்தால் அடையாளமே தெரியாது. 'எச்'சை விட்டுவிட்டு, 'எல்'லுக்கு 'ஆர்' போட்டு அடித்தால் தனபாரன் என்று ஒழுங்காக வரும். 'பா' நெடிலாகத் தெரிய வேண்டுமென்றால் அதற்குப் பின் கழித்தல் குறி அடித்தால் கட்டகானாவின் நீட்டல் கோடு விழும். கடைசி 'ன்'னுக்கு 'என்' இரண்டு முறை. ஆனால் 'தி' என்ற ஒலிக்கு மட்டும் 'டி', 'எச்', 'ஐ' அடிக்கலாம், பார்வதி போன்ற பெயர்களுக்கு அது பொருந்தும். வகரத்துக்கு 'வி' விசை வேலை செய்யும்.

அடித்து முடித்ததும் எஃப் 7 அழுத்தினால் முழுவதும் கட்டகானா ஆகும். லேப்டாப்பில் எஃப் 7 ஒலியைக் கூட்டுகிறது குறைக்கிறது என்றால் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்துங்கள், இல்லையென்றால் கன்ட்ரோலோடு 'ஐ'.

ஒருமுறை எழுதிய வடிவத்தையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். ஓரிடத்தில் நெடில் கோடு போட்டு இன்னோரிடத்தில் விட்டால் அங்கே இருப்பவர்களுக்கு அது இரண்டு ஆள். இதற்கு வசதியாக மோஸ்க்கின் அகராதிக் கருவியில் உங்கள் பெயரைச் சேர்த்து வையுங்கள். நம் ஊரையும் சேர்க்கலாம்: 'சுங்கை' என்ற ஹிராகானாவை அடித்தால் சுங்கை சிப்புட் முழுவதும் கட்டகானாவில் வரும்படி. இரண்டு சொல்லுக்கும் நடுவில் போடும் புள்ளி, சாய்கோட்டு விசையில் இருக்கிறது.

கே: எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

எழுத்துரு இல்லை. நோட்டோ சிஜேகே தொகுப்பைப் போடுங்கள், சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றும் அதில் உண்டு.

எழுத்து தெரிகிறது, ஆனால் சில கான்ஜியின் வடிவம் பாடப்புத்தகத்தில் இருப்பதிலிருந்து வேறுபடுகிறது என்றால் அது வேறு விஷயம். யூனிகோடில் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் பல எழுத்துகள் ஒரே எண்ணில் இருக்கின்றன, எந்த நாட்டு வடிவத்தைக் காட்டுவது என்பதை எழுத்துருவும் மொழி அமைப்பும் முடிவு செய்கின்றன. கணினி சீன வடிவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆவணத்தில் எழுத்துருவை நோட்டோவின் ஜப்பானிய வடிவத்துக்கு மாற்றி, அந்தப் பகுதியின் மொழி ஜப்பானியம் என்றும் குறித்துவிடுங்கள். பார்த்து எழுதிப் பழகுகிறவர்கள் இதை அலட்சியம் செய்யாதீர்கள், தப்பான வடிவம் கையில் படிந்துவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

கே: தமிழும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும், ஜப்பானியமும் வேண்டும். முடியுமா?

தாராளமாக. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான், மூன்றும் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். தமிழ் 99 பழகியவர்கள் பட்டியலில் தமிழ் விசை அமைப்பையே சேர்க்கலாம். அஞ்சல் மாதிரி ஒலியை வைத்து அடிப்பவர்கள் எம்17என் என்ற தொகுப்பைப் போடுங்கள், ஐபஸுக்கும் உண்டு, எஃப்சிடிக்ஸுக்கும் உண்டு. அதில் தமிழ் ஒலிப்பு முறை, தமிழ் 99, தட்டச்சுப்பொறி முறை எல்லாம் இருக்கின்றன. ஒலிப்பு முறை அஞ்சலோடு ஏறத்தாழ ஒத்துப்போகும், சில எழுத்துகளுக்கு விசை வேறு, கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ஜப்பானியச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதிச் சொற்பட்டியல் தயாரிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. ஆங்கிலத்தில் பொருள் எழுதி, அதைத் தமிழில் நினைத்து, திரும்ப ஜப்பானியத்துக்குப் போகும் சுற்றுவழி எதற்கு? வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் இரண்டு மொழியிலும் ஒத்துப்போகிறதே. நேராகத் தமிழிலேயே எழுதுங்கள்.

கே: மின்னஞ்சல் முகவரி அடித்தால் எழுத்துகள் அகலமாக விரிந்து விழுகின்றன, படிவம் ஏற்க மாட்டேன் என்கிறது.

ஜப்பானிய நிலையில் இருந்துகொண்டே ஆங்கிலம் அடித்திருக்கிறீர்கள். அங்கே ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் முழு அகலம், அரை அகலம் என்று இரண்டு வடிவம் உண்டு, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்து. முகவரி, கடவுச்சொல், தொலைபேசி எண் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டு அடியுங்கள். அடித்துவிட்டீர்கள் ஆனால் இன்னும் என்டர் தட்டவில்லை என்றால் எஃப் 10 அரை அகலமாக்கிவிடும். ஜப்பானிய வேலைப் படிவங்கள் பெயரின் ஒலியை முழு அகலக் கட்டகானாவிலும் எண்களை அரை அகலத்திலும் கேட்பது வழக்கம், அருகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து நிரப்புங்கள். ஸ்பேஸுக்கும் முழு அகலம் உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் மோஸ்க் அமைப்பில் ஸ்பேஸை எப்போதும் அரை அகலம் என்று மாற்றிவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி நிரலை ஓடவிடாமல் செய்துவிடும்.

கே: உலாவியில் வருகிறது, லிப்ரே ஆபிஸில் வருகிறது, ஒரே ஒரு செயலியில் மட்டும் வரவில்லை.

அப்படியென்றால் மேடையும் மாற்றியும் நன்றாகத்தான் இருக்கின்றன, திரும்பத் திரும்ப அவற்றை நீக்கிப் போடாதீர்கள். அந்தச் செயலி எப்படி வந்தது என்று பாருங்கள். ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு முறைகள் வழியாக வந்தவை அடைத்த அறைக்குள் இருப்பதால் சிலவற்றால் மேடையோடு பேச முடிவதில்லை. அதே செயலி சாதாரணத் தொகுப்பாகக் கிடைத்தால் அதைப் போட்டுப் பாருங்கள். எலக்ட்ரான் என்ற கருவியில் கட்டிய செயலிகள் வேலாண்டில் சில சமயம் தகராறு செய்யும், உள்நுழையும் திரையில் எக்ஸ் 11 என்ற பழைய திரை அமைப்புக்கான அமர்வு இருந்தால் அதில் நுழைந்து சோதித்துப் பார்க்கலாம். எஃப்சிடிக்ஸ் 5-இல் ஒரு நோயறிக் கருவியும் உண்டு, முனையத்தில் ஓடவிட்டால் எது விட்டுப்போனது என்று சிவப்பில் காட்டும்.

கே: தோட்டத்து வீட்டில் லைன் சரியாக வராது. இணையம் இல்லாமல் வேலை செய்யுமா?

செய்யும். மோஸ்க்கின் அகராதி முழுவதும் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது, அடிப்பதை வெளியே எங்கும் அனுப்பாது. கூகுள் 2009-இல் வெளியிட்ட ஜப்பானிய உள்ளீட்டு மென்பொருளின் திறந்த மூல வடிவம்தான் இது, 2010-இல் வந்தது. இணையத்திலிருந்து திரட்டிய பெரிய சொல்லகராதி இதில் சேராததால் புதிய திரைப்படப் பெயர், பாடகர் பெயர் எல்லாம் உடனே வராமல் போகலாம், படிப்புக்கும் வேலைக்கும் அது குறையில்லை.

ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த சொற்களை அது நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை முன்னால் காட்டும். அண்ணன் தங்கச்சி எல்லாரும் ஒரே லேப்டாப் என்றால் ஆளுக்கொரு கணக்கு திறந்துகொள்ளுங்கள். முடியாதென்றால் மோஸ்க் அமைப்பில் தனியுரிமைப் பகுதியில் பழைய நினைவை அழிக்கவும், இனி நினைவில் வைக்காதே என்று சொல்லவும் வழி இருக்கிறது.

கே: ஜப்பானிலிருந்து வந்த பழைய லேப்டாப் மலிவாகக் கிடைத்தது. விசைகளில் ஜப்பானிய எழுத்து இருக்கிறது.

அப்படியானால் மேலே வேண்டாம் என்று சொன்ன அந்த ஜப்பானிய விசை அமைப்புதான் உங்களுக்குச் சரி. அதைப் போட்டு, மேலே மோஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடது மேல் மூலை விசை ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் மாற்றும். ஸ்பேஸுக்கு வலது பக்கம் இருப்பது மாற்றும் விசை. விசையில் அச்சடித்த ஹிராகானாவைப் பார்த்து அடிக்கும் முறையும் உண்டு, ஆனால் ரோமாஜியில் தொடங்கியவர்கள் அதற்குப் போக வேண்டியதில்லை.

கே: எங்கள் பாட்டியின் அண்ணனை சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. ஜப்பானிய ஆவணங்களில் தேட இது உதவுமா?

உதவும். இதைக் கேட்டவருக்கு நேரில் உட்கார்ந்தே அமைத்துக் கொடுத்தேன், ஏனென்றால் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கதை இருக்கிறது. 1942-லும் 43-லுமாக தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானிய ராணுவம் போட்ட அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். ஜப்பானியத்தில் அதன் பெயர் 'தைமென் தெட்சுதோஉ'. சேர்த்து அடித்து ஸ்பேஸ் தட்டினால் கான்ஜி வரும், வராவிட்டால் இரண்டாக வெட்டி மாற்றுங்கள்.

ஜப்பான் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் 2001 முதல் இயங்கும் ஆசிய வரலாற்று ஆவண மையம், பழைய ராணுவ, வெளியுறவு, அமைச்சரவை ஆவணங்களின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் தேடலாம், ஆனால் ஜப்பானியத்தில் தேடினால்தான் கிடைப்பது அதிகம். தேடும்போது இரண்டு விஷயம். போர்க்காலத்தில் நம் நாட்டைக் கட்டகானாவில் 'மரை' என்று எழுதினார்கள், இன்றைய வடிவத்தோடு அதையும் போட்டுத் தேடுங்கள். அந்தக் காலத்துக் கான்ஜி சிலவற்றுக்கு வடிவமே வேறு, ரயில் என்ற சொல்லின் முதல் எழுத்தும் அப்படித்தான். தேர்வுப் பட்டியலில் கீழே இறங்கிப் போனால் பழைய வடிவமும் இருக்கும். கூலித் தொழிலாளர்களை 'ரோஉமுஷா' என்று குறித்திருப்பார்கள். இவை பெரும்பாலும் அலுவலகக் கடிதங்களும் அறிக்கைகளும்தான், தனி ஆளின் பெயர் கிடைத்துவிடும் என்று நம்பிப் போக வேண்டாம். எந்த மாதம் எந்த வேலைக்கு எங்கிருந்து ஆள் கேட்டார்கள் என்பது போன்ற விவரம் கிடைத்தாலே, வீட்டில் பெரியவர்கள் சொன்னதோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

கே: இங்கே லினக்ஸில் பழகிவிட்டு, தொழிற்சாலையில் விண்டோஸ் கணினி கொடுத்தால் திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

வேண்டாம். ரோமாஜி அடிக்கும் முறை, ஸ்பேஸ், என்டர், எஃப் 7, எஃப் 10, ஷிப்டோடு அம்பு எல்லாம் அங்கேயும் அப்படியே. மோஸ்க் விசை ஒதுக்கீட்டில் மைக்ரோசாஃப்ட் முறை என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை இங்கேயே வைத்துப் பழகிவிட்டால் வித்தியாசம் இன்னும் குறையும். மொழி மாற்றும் விசையை மட்டும் முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.